வளைந்தும் முறியாத மரம்

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் பழைய அமெரிக்கப் பொருட்களுக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. 1850களில் ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறை எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஓர் அறையை அங்கே அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் கிடக்கும் நாற்காலிகளையும் சோபாக்களையும் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு நாற்காலியின் சாய்மானத்தைக் கவனிப்போம். மேலே ரோஜாப்பூக்கள். இரு பக்கமும் திராட்சைக் கொத்துகள். அவற்றைச் சுற்றி இலைகளும் கொடிகளும். எல்லாம் மரத்தில் செதுக்கியவை. வெறும் மேற்செதுக்கலும் இல்லை. மரத்தைத் துளைத்துத் துளைத்துச் செய்த வேலை. கொடிகளின் இடைவெளி வழியே அந்தப் பக்கச் சுவர் தெரியும். சாய்மானத்தின் கனமோ ஓர் அங்குலம்கூட இல்லை. போதாததற்கு, அது தட்டையாகவும் இல்லை. உட்காருபவரின் முதுகுக்கு ஏற்றபடி வளைந்திருக்கிறது.

இப்போது யோசியுங்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதில் உட்கார்ந்து நன்றாகச் சாய்கிறார். விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கொடிகள் படாரென்று முறிய வேண்டும்தானே? ஆனால் அந்த நாற்காலிகள் 170 ஆண்டுகளாக நிற்கின்றன.

எப்படி? இதற்கான பதிலில் தாவரவியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, கணிதமும் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாரிஸ் மீது ஒரு மோகம்

அமெரிக்காவில் செய்த அந்த நாற்காலியைப் பார்த்தவர்கள் எல்லோரும் 'இது பிரெஞ்சு பாணி' என்றார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது. பிரிட்டனை எதிர்த்து நடந்த அந்தப் போரில் பணமும் படையும் கொடுத்து உதவிய நாடு பிரான்ஸ். அந்த நட்பு ஒருபுறம் இருக்க, உடையானாலும் மேசை நாற்காலியானாலும் பாரிஸில் எது புதிதோ அதுவே உயர்ந்தது என்று உலகத்துச் செல்வந்தர்கள் நம்பிய காலம் அது.

1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. மாளிகையைத் திரும்பக் கட்டிய பிறகு, 1817இல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ அங்கே குடிவந்தார். இளம் வயதில் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் வாழ்ந்தவர் அவர். முட்டை வடிவ வரவேற்பறைக்கு வேண்டிய நாற்காலிகளைப் பாரிஸிலிருந்தே தருவித்தார். 'மஹோகனி மரத்தில் வேண்டும்' என்று கேட்டிருந்தார்கள். 'கனவான்கள் வீட்டு வரவேற்பறைக்குக்கூட மஹோகனி போடுவதில்லை' என்று முகவர்கள் பதில் சொல்லிவிட்டு, தங்கத்தகடு ஒட்டிய பீச் மர நாற்காலிகளை அனுப்பினார்கள். செய்தவர் பியர் அந்துவான் பெலாஞ்சே என்னும் பாரிஸ் தச்சர். மொத்தம் 53 உருப்படிகள். 1860இல் அவை ஏலத்தில் போயின. அடுத்த நூற்றாண்டில்தான் சிலவற்றைத் தேடிப் பிடித்து வெள்ளை மாளிகைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1840களிலும் 50களிலும் இந்த மோகம் இன்னும் பெருகியது. ரயில், கப்பல், வணிகம் எல்லாம் வளர்ந்து புதிய பணக்காரர்கள் நிறையப் பேர் உருவாகியிருந்தார்கள். அவர்கள் கேட்டது, 1715 முதல் 1774 வரை பிரான்ஸை ஆண்ட பதினைந்தாம் லூயி மன்னரின் காலத்துப் பாணி. அந்தப் பாணியில் நேர்கோட்டுக்கு இடமே இல்லை. நாற்காலிக் கால் முழங்காலில் வெளியே வளைந்து, கணுக்காலில் உள்ளே வளையும். சாய்மானம் நெளியும். கைப்பிடி சுருளும். சிப்பி, பூ, கொடி என்று எங்கு பார்த்தாலும் அலங்காரம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாச்செஸ் என்னும் ஊரில் ரோசலி என்ற மாளிகை இன்றும் இருக்கிறது. நாம் பேசும் வகை நாற்காலிகளும் சோபாக்களும் அங்கே இருக்கின்றன. அது பருத்தி விளையும் வட்டாரம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். கூலியும் விடுதலையும் இல்லாத அடிமைகள். தென்பகுதி மாளிகைகள் பலவற்றின் ஆடம்பரத்துக்கு அவர்களுடைய உழைப்புதான் விலை.

மரத்துக்கு இரண்டு குணம்

இனி அறிவியலுக்கு வருவோம். தென்னை ஈர்க்குகளை இறுக்கிக் கட்டிய ஒரு கட்டைக் கையில் எடுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து நெடுக்காக இழுத்தால் அறுக்க முடியாது. ஆனால் ஈர்க்குகளைப் பக்கவாட்டில் பிரிப்பது எளிது. மரமும் அப்படித்தான்.

மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற வேண்டும். அதற்காக அதன் செல்கள் நீள நீளமான குழாய்களாக, மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குழாயின் சுவர் செல்லுலோஸ் என்னும் நாரால் ஆனது. குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். நாரின் திசையில் மரம் மிகவும் வலுவானது. நாருக்குக் குறுக்கே அதன் வலு பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விறகு பிளப்பவர் கோடரியை எந்தத் திசையில் போடுகிறார் என்று பாருங்கள். நார் ஓடும் திசையில்தான் போடுவார். அப்போதுதான் ஒரே வெட்டில் பிளக்கும்.

தச்சருக்கு இங்கேதான் சிக்கல். நேரான பலகையிலிருந்து வளைவான ஒரு கொடியை அறுத்தெடுத்தால், வளைவின் ஒரு பகுதியில் நார் நீளவாக்கில் ஓடும். இன்னொரு பகுதியில் அதே நார் கொடிக்குக் குறுக்காக ஓடும். குறுக்காக ஓடும் இடத்தில் கொஞ்சம் அழுத்தினாலே 'டக்'கென்று ஒடிந்துவிடும். வளைவே உருவான பிரெஞ்சு பாணிக்கு மரத்தின் இந்தக் குணம் நேர் எதிரி.

இரண்டாவது குணம், மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு மரக்கதவு இறுக்கிக்கொண்டு மூட மறுக்கிறதே, அது இதனால்தான். இதிலும் திசை முக்கியம். ஒரு மீட்டர் பச்சை மரம் முழுவதும் காய்ந்தால், நாரின் திசையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே சுருங்கும். குறுக்குத் திசையில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரைகூடச் சுருங்கும். நியூயார்க்கில் கோடையில் காற்றில் நல்ல ஈரம் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடுப்பு எரியும், காற்று வறண்டுபோகும். ஆண்டுதோறும் இப்படிப் பருத்தும் சுருங்கியும் வந்தால் பலகை கோணும், வெடிக்கும்.

எட்டு மெல்லிய தாள்கள்

இந்த இரண்டு குணங்களையும் வென்றவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் ஜான் ஹென்றி பெல்ட்டர். 1804இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1833இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். 1850களில் அந்நகரின் மூன்றாம் அவென்யூவில் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார்.

அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பலகையை எடுத்து அதில் சாய்மானம் அறுப்பதை அவர் விட்டுவிட்டார். மரத்தை மெல்லிய தாள்களாக அறுத்தார். ஒரு தாளின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். முதல் தாளின் நார் மேலும் கீழுமாக ஓடினால், அடுத்த தாளின் நாரை இடமும் வலமுமாக வைத்தார். அதற்கடுத்தது மறுபடி மேலும் கீழும். இப்படி மாற்றி மாற்றிப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுத் தாள்கள் வரை ஒட்டினார்.

இப்போது என்ன ஆகும்? ஒரு தாள் எந்தத் திசையில் பலவீனமோ, அந்தத் திசையில் அடுத்த தாள் வலுவாக நிற்கும். கொடியை எந்த வளைவில் அறுத்தாலும், சில தாள்களின் நாராவது அதன் நீளவாக்கில் ஓடும். எனவே எங்கும் எளிதில் முறியாது. ஈரத்தின் தொல்லையும் தீர்ந்தது. ஒரு தாள் குறுக்கே பருக்கப் பார்த்தால், நெடுக்கே பருக்காத பக்கத்துத் தாள் அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஒட்டுவதற்குப் பயன்பட்டது, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் வேகவைத்தால், அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் கரைந்து கூழாகும். சூடாக இருக்கும்போது அது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கும். ஆறி, நீர் வற்றியதும் இறுகிப்போகும். அதனால்தான் பசை ஆறுவதற்குள் வேலையை முடிக்கப் பட்டறையில் அச்சுகளையும் சூடாக்கி வைத்திருந்தார்கள்.

அச்சு என்றேனே, அதுதான் அடுத்த படி. ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால், 100 டிகிரி செல்சியஸ் அளவில் மரத்திலுள்ள லிக்னின் இளகிவிடும். இளகிய மரம் வளையும். ஆறியதும் வளைந்த வடிவத்திலேயே நிற்கும். மெல்லிய தாளை வளைப்பது இன்னும் எளிது. தாள்களை அச்சுக்குள் வைத்து, திருகுப் பிடிகளால் இறுக்கி, பசை காயும்வரை விட்டுவிடுவார்கள். வெளியே எடுக்கும்போது வளைந்த ஒரே பலகை கிடைக்கும்.

பிறகு அதில் துளையிட்டு ரம்பத்தால் வேண்டாத பகுதியை அறுத்து எடுப்பார்கள். வளைந்த பலகையில் கொடி வடிவம் அறுக்க வசதியான ஒரு ரம்பப் பொறிக்கு 1847இலேயே பெல்ட்டர் காப்புரிமை வாங்கியிருந்தார். ரோஜாவும் திராட்சையும் புடைத்துத் தெரிய வேண்டிய இடங்களில் கூடுதல் மரத்துண்டுகளை ஒட்டி, உளி பிடித்த கைதேர்ந்த சிற்பிகள் செதுக்குவார்கள். பொறி பாதி, கை பாதி என்று நடந்த வேலை அது.

தாள்மேல் தாள் ஒட்டுவது பெல்ட்டரின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தில் சக்காரா படிப் பிரமிடில், ஆறு மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்துச் செய்த சவப்பெட்டியின் பகுதி கிடைத்திருக்கிறது. அது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பழைய அறிவை எடுத்து, வளைத்து, அதில் துளைச் செதுக்கலைத் துணிந்து செய்ததுதான் பெல்ட்டரின் திறமை.

தாளைப் பந்தில் சுற்ற முடியுமா?

ஒரு தாளை எடுத்து ஒரு குழாயின்மேல் சுற்றுங்கள். அழகாக ஒட்டிக்கொள்ளும். அதே தாளைப் பந்தின்மேல் சுற்றிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் சுருக்கம் விழும், அல்லது கிழியும்.

இதற்குக் காரணம் உங்கள் கைத்திறன் குறைவு இல்லை. ஜெர்மானியக் கணித மேதை கார்ல் பிரெட்ரிக் காஸ் இதற்கான விதியை 1827இல் வெளியிட்டார். தட்டையான பரப்பை நீட்டாமல், சுருக்காமல், கிழிக்காமல் கோளத்தின்மேல் பொருத்தவே முடியாது என்பது அந்த விதியிலிருந்து வரும் முடிவு. குழாய் ஒரு திசையில் மட்டும் வளைகிறது. பந்து இரண்டு திசைகளிலும் வளைகிறது. தாள் முதலாவதற்குச் சம்மதிக்கும், இரண்டாவதற்குச் சம்மதிக்காது.

மரத்தாளுக்கும் இதே விதிதான். பக்கவாட்டில் மட்டும் வளைந்த சாய்மானம் செய்வது எளிது. பக்கவாட்டிலும் வளைந்து, மேலிருந்து கீழாகவும் வளைந்து, கிண்ணத்தின் ஒரு பகுதியாகத் தோன்றும் சாய்மானம் வேண்டுமென்றால்? பெல்ட்டர் 1858இல் வாங்கிய காப்புரிமை இதைப் பற்றியதுதான். அவர் முழுத் தாளை வளைக்கப் பாடுபடவில்லை. பீப்பாய் செய்கிறவர்கள் குறுகிய பட்டைகளை ஓரம் சீவி அருகருகே சேர்ப்பார்கள் அல்லவா? அந்த முறையில் மரத்தாளின் குறுகிய பட்டைகளைச் சீவிச் சேர்த்து ஒவ்வோர் அடுக்கையும் உருவாக்கினார். பட்டை குறுகலாக இருப்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் வளைய வேண்டும். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் அழுத்தினால் இரு திசை வளைவும் கிடைத்துவிடும்.

பெல்ட்டரின் போட்டியாளர் சார்லஸ் போதுவான் என்பவர். அவரும் நியூயார்க்கில் பிரெஞ்சு பாணி மரச்சாமான் செய்து விற்றார். சுமார் 200 பேர் அவரிடம் வேலை செய்தார்கள். பெல்ட்டரின் காப்புரிமையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அவர் சாய்மானத்தை இரண்டு துண்டுகளாகச் செய்து நடுவில் இணைத்தாராம். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஒருவரின் நினைவுக்குறிப்பில் இந்தச் செய்தி இருக்கிறது.

ரோஜா வாசம் வீசிய மரம்

இந்த நாற்காலிகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது ரோஸ்வுட். புதிதாக அறுக்கும்போது ரோஜா வாசனை வருவதால் இந்தப் பெயர். அமெரிக்கச் செல்வந்தர்கள் விரும்பியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அதன் அறிவியல் பெயர் டால்பெர்ஜியா நைக்ரா. கருஞ்சிவப்பு நிறத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். மிகவும் அடர்த்தியானது, அதனால் நுணுக்கமாகச் செதுக்கினாலும் விளிம்புகள் உதிராது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் இதற்கு உறவு. டால்பெர்ஜியா லாட்டிபோலியா என்பது அதன் பெயர். இரண்டும் ஒரே பேரினம்; அவரைக்காய் குடும்பம்.

ஆனால் அழகான மரங்களுக்கு அழகே ஆபத்தாகிவிடுகிறது. வைரம் பாய்ந்த ரோஸ்வுட் ஒன்று வளரப் பல தலைமுறைகள் ஆகும். வெட்டவோ ஒரு நாள் போதும். பிரேசிலின் கடலோரக் காடுகளில் அந்த மரம் மிகவும் குறைந்துபோனது. 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. 2017 முதல் ஈட்டி உட்பட டால்பெர்ஜியா மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கண்காணிப்பின்கீழ் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் ஈட்டி மரங்களைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

பூச்சி கொடுத்த பளபளப்பு

நியூயார்க் நாற்காலிக்கும் இந்தியாவுக்கும் இன்னொரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அது நாற்காலியின் மேல்பூச்சு.

அரக்குப் பூச்சியைத் தெரியுமா? குஞ்சாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தன்னைக் காத்துக்கொள்ள உடலிலிருந்து ஒரு பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் கிளையைச் சுற்றிக் கெட்டியான மேலோடாகப் படியும். அந்தக் கிளையை வெட்டினால் கிடைப்பது கொம்பரக்கு. சுரண்டிக் கழுவி, உருக்கி, துணியில் வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையும் அரக்கால் ஆனதுதான். அரக்கு எளிதில் தீப்பற்றும் பிசின் என்பது அந்தக் கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா துறைமுகத்திலிருந்து அவலரக்கு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. அங்கே அதைச் சாராயத்தில் கரைத்தார்கள். துணிப்பொதியில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, மரத்தின்மேல் வட்ட வட்டமாகத் தேய்த்தார்கள். சாராயம் ஆவியாகிவிடும், அரக்கு மட்டும் மிக மெல்லிய படலமாகத் தங்கும். அதன்மேல் இன்னொரு படலம், அதன்மேல் இன்னொன்று என்று நாள்கணக்கில் வேலை நடக்கும். இதற்குப் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். இன்றும் நம் ஊர்த் தச்சர்கள் போடுகிறார்கள்.

இது ஏன் பளபளக்கிறது? மரத்தின் மேற்பரப்பு கையால் தடவினால் வழவழப்பாகத் தெரியும். ஆனால் அதில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. மேடும் பள்ளமுமான பரப்பில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறிவிடும். அரக்கு அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கிவிடுகிறது. இப்போது ஒளி ஒரே திசையில் திரும்பி வருகிறது. அதைத்தான் நம் கண் பளபளப்பு என்கிறது.

தங்கம் எவ்வளவு மெல்லியது?

மன்றோ தருவித்த நாற்காலிகள் தங்கமாக மின்னினாலும் உள்ளே இருப்பது மரம்தான் என்று பார்த்தோம். அதில் தங்கம் எவ்வளவு இருந்திருக்கும்? மிகவும் கொஞ்சம்.

தங்கத்தை அடித்துத் தட்டினால் உடையாது, பரவிக்கொண்டே போகும். அதன் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துகொடுப்பதே காரணம். தங்க ரேக்கு அடிப்பவர்கள் அதை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம் வரை அடிப்பார்கள். ஒரு கிராம் தங்கத்தில் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடிவிடலாம். மரத்தின்மேல் சுண்ணப்பூச்சும் செம்மண் பூச்சும் பூசி, அதன்மேல் ரேக்கை ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் முழுத் தங்கமாகவே தோன்றும். காற்றோடும் ஈரத்தோடும் தங்கம் வினைபுரியாததால் நிறமும் மங்காது.

பிரெஞ்சு மரச்சாமான்களில் வெண்கல அலங்காரங்களும் உண்டு. அவற்றுக்குப் பொன்முலாம் பூசிய முறை வேறு. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும். தங்கம் வெண்கலத்தில் பிடித்துக்கொள்ளும். பறந்த பாதரசம் எங்கே போயிற்று? அந்த வேலை செய்தவர்களின் நுரையீரலுக்குள் போயிற்று. கை நடுங்கி, நரம்பு கெட்டு, இளமையிலேயே பலர் இறந்தார்கள். 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் என்னும் நிறுவனத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாதரசம் இல்லாமலே முலாம் பூச அது வழி காட்டியது. ஒரு கண்டுபிடிப்பு அழகைக் கெடுக்காமல் உயிரையும் காத்தது.

நாற்காலி போனது, அறிவு நின்றது

பெல்ட்டர் 1863இல் காலமானார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1865இல் அந்தப் போர் முடிந்தபோது அடிமை முறையும் ஒழிந்தது. மக்களின் ரசனையும் மாறியது. கொடியும் பூவும் போய் வேறு பாணிகள் வந்தன. 1867இல் அவருடைய நிறுவனம் திவாலானது.

ஆனால் மெல்லிய தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அச்சில் வளைக்கும் யோசனைக்கு அழிவு வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானத்தின் உடலை அலுமினியம் இல்லாமல் மரத்தாலேயே செய்தார்கள். மெல்லிய பிர்ச் மரத்தாள்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டி, அச்சில் அழுத்தி, இரண்டு பாதிகளாகச் செய்து இணைத்தார்கள். எடை குறைவு, வேகம் அதிகம். அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர், கால் உடைந்த வீரர்களுக்குக் கட்டும் வளைந்த தாங்குகட்டையை மரத்தாள்களை ஒட்டி வடிவமைத்தார்கள். காலின் வடிவத்துக்கு ஏற்ப இரண்டு திசைகளிலும் வளைந்தது அது. பெல்ட்டர் சாய்மானத்தில் சந்தித்த அதே கணக்கை அவர்களும் போட வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் அந்த அனுபவத்தை வைத்து அவர்கள் செய்த நாற்காலிகள் உலகம் முழுவதும் பரவின.

பணக்காரர்களின் வரவேற்பறைக்கென்று வளர்ந்த ஒரு நுட்பம் இன்று எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகைதான் பிளைவுட். நீங்கள் படிக்கும் மேசை, வீட்டு அலமாரி, கேரம் போர்டு எனப் பலவற்றில் அது இருக்கிறது. ஆடம்பரம் சில வீடுகளோடு நின்றுவிடும். அதைச் செய்யக் கற்றுக்கொண்ட அறிவு அங்கேயே நிற்காது. அறிவியலை நான் நேசிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: பழைய செய்தித்தாள், மைதாப் பசை (அடுப்பில் பசை காய்ச்சப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்), ஓர் எவர்சில்வர் கிண்ணம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

1. செய்தித்தாளை முதலில் மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். அடுத்து இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும். மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். காகிதமும் மரநாரால் ஆனது. ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. நேராகக் கிழிந்த திசைதான் நாரின் திசை.

2. நாரின் திசையிலேயே இரண்டு விரல் அகலத்துக்கு நீளமான பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

3. கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிப்புறத்தில் எண்ணெய் தடவுங்கள். பட்டைகளில் பசை தடவி ஒரே திசையில் வரிசையாக ஒட்டுங்கள். இது முதல் அடுக்கு.

4. இரண்டாம் அடுக்கை முதல் அடுக்குக்குக் குறுக்காக ஒட்டுங்கள். மூன்றாவது மறுபடி முதல் திசையில். இப்படி ஏழு அடுக்குகள்.

5. இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டுக் கிண்ணத்திலிருந்து கழற்றுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சிறு காற்றுக்குப் பறக்கும் காகிதம் எவ்வளவு கெட்டியாகிவிட்டது!

6. இப்போது இன்னொன்று செய்யுங்கள். ஏழு அடுக்குகளையும் ஒரே திசையில் ஒட்டுங்கள். காய்ந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். எது எந்தத் திசையில் எளிதாகக் கிழிகிறது என்று குறித்துவையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. அடுத்த முறை மரக்கடைக்கோ தச்சுப் பட்டறைக்கோ போகும்போது, அறுத்த பிளைவுட்டின் ஓரத்தைப் பார்த்து அடுக்குகளை எண்ணுங்கள். பெரும்பாலும் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். இரட்டைப்படையில் செய்தால் என்ன ஆகும்? குறிப்பு வேண்டுமென்றால், இரண்டே இரண்டு காகிதத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேசைமேல் வைத்துக் காயவிடுங்கள். அது எந்தப் பக்கம் சுருளுகிறது, ஏன் சுருளுகிறது என்று யோசித்து, மூன்றாவது துண்டை எங்கே ஒட்டினால் நேராக நிற்கும் என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.